பக்கத்துப் படுக்கை

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், விடியற்காலை வல்லக்கோட்டைப் பக்கம் நின்றால் இரண்டு வகைக் கூட்டத்தைப் பார்க்கலாம். ஒன்று, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் யூனிஃபார்ம் கூட்டம். மற்றது, ஏழடி உயரத்தில் நிற்கும் முருகனைப் பார்க்க வந்த கூட்டம். கிருத்திகை என்றால் இரண்டாவது கூட்டம் முதலாவதை ஓரம் தள்ளிவிடும். இரண்டிலும் ஒட்டாமல் ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தெட்டு. பல வருடமாக லைனில் வேலை. கையில் டிபன் பைக்குப் பதிலாக ஆஸ்பத்திரி ஃபைல். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்ததை 'கேஸ்' என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். ஆஞ்சியோவில் மூன்று குழாய்களிலும் அடைப்பு. ஸ்டென்ட் சரிப்படாது, பைபாஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். அறுவைக்கு இன்னும் மூன்று வாரம்.

இந்த மூன்று வாரத்தில் அவரைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஒண்ணும் ஆகாது, தைரியமா இரு." சொல்கிறவரின் அன்பில் குறையில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் தகவல் என்று எதுவும் இல்லை. அறுவைக்கு முன்னால் பயந்து நிற்கிறவருக்கு உதவுவது ஆறுதலா, தகவலா, வெறுமனே பக்கத்தில் ஓர் ஆளா? இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிடைத்த விடை நம் ஊர் பொது வார்டைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றிவிட்டது. அதற்கு முன், இவருடைய நெஞ்சுக்குள் நடக்கப்போவதைப் பார்த்துவிடலாம்.

தொழிற்சாலைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்பது வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தரும் பாடம். நிறுத்து, கரண்ட்டைத் துண்டி, பூட்டுப் போடு, பிறகு தொடு. ஆனால் இதயம் என்ற மெஷினுக்கு வருடாந்தர ஷட்டவுன் கிடையாது. ஒரு நாளைக்குச் சுமார் 1,00,000 துடிப்பு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம். நின்றால் சில நிமிடங்களிலேயே மூளை கெட ஆரம்பிக்கும். பைபாஸில் ஒட்டுப்போட வேண்டிய குழாயோ ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அகலம். துள்ளிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் முடி மாதிரி இருக்கும் நூலால் தையல் போட வேண்டும்.

ஆகவே ரத்தத்துக்கு ஒரு மாற்றுப்பாதை அமைக்கிறார்கள். இதயத்துக்குத் திரும்பி வரும் அசுத்த ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, ஆயிரக்கணக்கான நுண்குழல்கள் அடங்கிய ஒரு டப்பாவுக்குள் விட்டு ஆக்சிஜன் ஏற்றி, பெருந்தமனிக்குள் திருப்பி அனுப்புகிறது இதய-நுரையீரல் இயந்திரம். அதன் ஒரு வகைப் பம்ப் செய்கிற வேலை, பால் ஐஸ் கவரை அடியிலிருந்து விரலால் வழித்துத் தள்ளுவது மாதிரிதான்: உருளைகள் சுழன்று குழாயை நசுக்க, ரத்தம் முன்னால் நகர்கிறது. அதன் முன்னால் உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் அழுத்தத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டிருப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். நோயாளிக்கு அவர் முகம் தெரிய வாய்ப்பே இல்லை.

இயந்திரம் பொறுப்பேற்றதும் இதயத்தை நிறுத்தும் பொருள், இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கிற அதே பொட்டாசியம். அடர்த்தியான கரைசலாக, பெரும்பாலும் குளிரவைத்து, இதயத்தின் சொந்தக் குழாய்களுக்குள் செலுத்துகிறார்கள். துடிப்பு அடங்கி இதயம் தளர்ந்து கிடக்கும். ரத்தம் பிளாஸ்டிக்கைத் தொட்டதும் உறையப் பார்க்கும் என்பதால் அதற்கு முன்பே ஹெப்பாரின் கொடுத்திருப்பார்கள். அது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவது. வேலை முடிந்ததும் அதை முறிக்கப் புரோட்டமின். அது முதன்முதலில் சால்மன் மீனின் விந்திலிருந்து கிடைத்தது. வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாதவர்களின் இதயமும் இந்த இரண்டையும் நம்பித்தான் நிற்கிறது, ஓடுகிறது. வெதுவெதுப்பான ரத்தம் மறுபடி பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிவிட்டால், பல நேரம் இதயம் தானாகவே துடிக்கத் தொடங்கும். சில நேரம் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து எழுப்ப வேண்டியிருக்கும். எல்லா பைபாஸுக்கும் இந்த நிறுத்தம் தேவை என்றில்லை. ஒட்டுப்போடும் இடத்தை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டு, துடிக்கிற இதயத்திலேயே தைத்துவிடும் முறையும் நம் நாட்டில் பரவலாக உண்டு.

இந்த இயந்திரம் நம்பகமாக வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு மனிதர் படுத்திருந்தார். 1953 மே மாதம் பிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், தான் இருபது வருடத்துக்கு மேல் பாடுபட்டு உருவாக்கிய இயந்திரத்தைக் கொண்டு பதினெட்டு வயதுப் பெண் ஒருவரின் இதய ஓட்டையை அடைத்துக் காட்டினார். மற்ற முயற்சிகள் உயிரிழப்பில் முடிந்ததும் மனம் விட்டுப்போய் நிறுத்திவிட்டார். அடுத்த வருடம், 1954 மார்ச் 26 அன்று, மினசோட்டா பல்கலைக்கழக மருத்துவமனையில் சி. வால்டன் லில்லிஹை வேறு வழியில் போனார். அறுவை அரங்கில் இரண்டு மேசைகள். ஒன்றில் பதின்மூன்று மாதக் குழந்தை. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவேயுள்ள சுவரில் ஓட்டை. பக்கத்து மேசையில் குழந்தையின் அப்பா, மயக்கத்தில். இருவரையும் இணைத்துப் பிளாஸ்டிக் குழாய்களும், உணவுத் தொழிற்சாலைகளில் புழங்கிய வகைப் பம்ப் ஒன்றும். குழந்தையின் ரத்தம் அப்பாவின் உடம்புக்குள் போய், அவருடைய நுரையீரலில் சுத்தமாகித் திரும்பியது. அந்த நேரம் முழுக்க ஓர் இதயம் இருவருக்காக உழைத்தது.

ஓட்டை அடைபட்டது. ஆனால் பதினோராவது நாள் நிமோனியாவில் அந்தக் குழந்தை போய்விட்டது. லில்லிஹை விடவில்லை. இதே முறையில் மொத்தம் 45 பேருக்கு அறுவை செய்தார். 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். ஓர் அறுவையில் 200 சதவீதம் சாவு சாத்தியமான ஒரே சிகிச்சை இதுதான் என்று சக மருத்துவர்கள் கசப்பாகச் சொன்னார்கள். படுத்துக் கொடுத்தவர்களில் யாரும் இறக்கவில்லை என்றாலும், ஒரு தாயின் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது. துணைக்கு நிற்பது இலவசமல்ல என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் சம்பவம் மருத்துவ வரலாற்றில் குறைவு.

அதே பல்கலைக்கழகத்தில், அதே பத்தாண்டில், ஸ்டான்லி ஷாக்டர் என்ற உளவியலாளர் வேறொரு வகைத் துணையை ஆராய்ந்துகொண்டிருந்தார். மாணவிகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு வலிக்கும்படியான மின் அதிர்ச்சி கொடுக்கப்போகிறோம் என்றார். கொடுக்கப்போவதில்லை, சும்மா பயமுறுத்தல். கருவிகள் தயாராகும்வரை தனியாக உட்கார்ந்திருக்கிறீர்களா, மற்றவர்களோடா என்று கேட்டார். பயந்தவர்களில் பெரும்பாலோர் துணையோடு இருக்க விரும்பினார்கள். அதிலும் யாரோ ஒருவர் துணை போதவில்லை. அதே அதிர்ச்சிக்குக் காத்திருப்பவராக இருக்க வேண்டும். 1959-ல் இது புத்தகமாக வந்தது. அடிபடப்போகிறவனுக்கு அடிபடப்போகிற இன்னொருவன் துணை என்பதுதான் அப்போதைய முடிவு.

ஆஸ்பத்திரியில் இது எடுபடுமா என்று பார்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவைச் சேர்ந்த ஜேம்ஸ் குலிக்கும் ஹைக்கே மாலரும். பைபாஸுக்குக் காத்திருந்த 84 ஆண்களை எடுத்துக்கொண்டு, அறுவைக்கு முன் அவர்களை யாரோடு அறையில் போடுவது என்பதை மட்டும் மாற்றினார்கள். சிலருக்கு அறைத்தோழர், தம்மைப் போலவே அறுவைக்குக் காத்திருப்பவர். சிலருக்கு, அறுவை முடிந்து தேறிக்கொண்டிருப்பவர். சிலருக்கு இதய நோயாளி, சிலருக்கு வேறு நோய்க்காரர், சிலருக்கு யாருமே இல்லை. முடிவுகள் 1996-ல் வெளிவந்தன. அறுவை முடிந்தவரோடு தங்கியவர்களுக்கு, காத்திருப்பவரோடு தங்கியவர்களைவிட, முன்னிரவின் பதற்றம் குறைவு. அறுவைக்குப் பின் அதிகம் நடந்தார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள். அறைத்தோழர் இதய நோயாளி என்றாலும் வீடு திரும்பல் விரைந்தது. பொதுவாக மெதுவாகத் தேறியவர்கள், தனியறையில் இருந்தவர்கள்.

இந்தக் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன். நம் ஊரில் கடன் வாங்கியாவது தனி ரூம் போடுவதுதான் குடும்பத்தின் கௌரவம். "ஜெனரல் வார்டுலயா போட்டீங்க?" என்று கேட்டு மானத்தை வாங்கும் உறவுகள் உண்டு. அந்தப் பணத்தைக் கொடுத்து நாம் விலக்கி வைப்பது, பக்கத்துப் படுக்கையில் நெஞ்சில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மனிதரை. ஒரே நாட்டில், ஆண்களிடம் மட்டும் செய்த சின்ன ஆய்வுதான். கிருமித்தொற்றைத் தடுக்கத் தனியறையே அவசியமாகும் நோயாளிகளும் உண்டு. ஆனாலும் அந்த மனிதரின் மதிப்பு எந்த பில்லிலும் ஏறுவதில்லை என்பது உறைக்கிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை 1961-ல் தங்களிடம் நடந்ததாக வேலூர் சி.எம்.சி. தன் வரலாற்றில் குறித்திருக்கிறது. பைபாஸுக்கு வந்தால், கால் ரத்தக்குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டும் முறையை அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1967-ல் நிலைநாட்டினார். எட்டே வருடத்தில், 1975-ல், அது பெரம்பூருக்கு வந்துவிட்டது. ரயில்வே ஊழியர்களுக்கான தெற்கு ரயில்வே ஆஸ்பத்திரியில், அப்போது முப்பத்து மூன்று வயதான கே.எம். செரியன் நாட்டின் முதல் வெற்றிகரமான பைபாஸைச் செய்தார். 2025 ஜனவரியில் அவர் மறைந்தபோது எல்லாரும் சர்ஜனைப் பற்றி எழுதினார்கள். எனக்கு அன்று மேசையில் படுத்தவரின் நினைவுதான் வந்தது. "எனக்கும் பண்ணாங்க, பாரு, நடக்குறேன்" என்று சட்டைப் பொத்தானைக் கழற்றிக் காட்ட உள்ளூரில் அவருக்கு யார் இருந்திருப்பார்கள்? பக்கத்துப் படுக்கை காலி.

இன்று அப்படியில்லை. வல்லக்கோட்டை மாதிரி ஊரில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும், டீக்கடையில் விசாரித்தால் ஆள் கிடைப்பார். கழுத்துக்குக் கீழே சட்டை திறந்த இடத்தில் தண்டவாளம் மாதிரி ஒரு தழும்பு எட்டிப் பார்க்கும். லைனுக்குப் புதிதாக வருகிறவனை அனுபவசாலி அண்ணன் பக்கத்தில் நிறுத்துவது எந்தக் கம்பெனியிலும் வழக்கம். ஃபைலோடு நிற்கும் நம் ஆள் தேடிப் போக வேண்டியது அந்தத் தண்டவாளக்காரரை.

அவர் தைரியம் சொல்ல மாட்டார். வேறு விஷயங்கள் சொல்வார். "கண்ணு முழிக்கிறப்ப வாயில குழாய் இருக்கும் தம்பி, பேச்சு வராது. குரலே போயிடுச்சுன்னு பயந்துடாத. கையக் கட்டி வெச்சிருந்தாலும் இருப்பாங்க, நீ புடுங்கிடக் கூடாதுன்னு. தலைய ஆட்டு, போதும்." நெஞ்சைவிடக் கால் அதிகம் வலிக்கலாம் என்பார். பைபாஸுக்குக் குழாய் அங்கிருந்து எடுத்தது என்று தெரியாதவர், அறுவையில் ஏதோ தப்பு நடந்துவிட்டதாக ராத்திரி முழுக்கக் கவலைப்படுவார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும்: மார்பெலும்பை நடுவில் அறுத்து, கம்பியால் கட்டியிருக்கிறார்கள், எலும்பு ஒன்றுசேர இரண்டு, மூன்று மாதம் ஆகும், கம்பி உள்ளேயே இருந்துவிடும். ஐ.சி.யூ.வில் பகல் எது இரவு எது என்று தெரியாது. சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்கிற மாதிரி தெரியும், சொந்த மகனையே யாரென்று கேட்பார்கள், இரண்டொரு நாளில் சரியாகும். வீட்டுக்கு வந்த பிறகு காரணமில்லாமல் அழுகை வரும். இதை ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அபூர்வம். தண்டவாளக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். டூ-வீலரை டாக்டர் சொல்லும் வரை தொடாதே என்பதை மட்டும் சத்தமாகச் சொல்வார்.

பந்து விஷயமும் அவர்தான் சொல்ல வேண்டும். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். பலர் அதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்கள். உண்மையில் உறிஞ்ச வேண்டும். நெஞ்சைத் திறந்தவர்கள் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார்கள். நுரையீரலின் அடிப்பகுதி மடங்கிக்கொள்ளும், அங்கே சளி தங்கி நிமோனியா வரும். இதை அறுவைக்கு முன்பே தடுக்க முடியுமா என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்தில், ஆபத்து அதிகமுள்ள 279 பைபாஸ் நோயாளிகளிடம் பார்த்தார்கள். ஒரு பகுதியினர் அறுவைக்கு முன் குறைந்தது இரண்டு வாரம், தினமும் 20 நிமிடம், எதிர்விசை தரும் ஒரு கருவி வழியாக மூச்சை உள்ளிழுத்துப் பழகினார்கள். பழகாதவர்களில் 35 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது, பழகியவர்களில் 18. நிமோனியா மட்டும் எடுத்தால் 16-க்கு 6.5. இது 2006-ல் வந்த முடிவு. மூன்று வார இடைவெளியை வெறும் காத்திருப்பு என்று நினைக்கிறோம். அதற்குள் மூச்சுத் தசைகளை வலுவாக்கிவிடலாம்.

தகவல் வலியையே குறைக்கும் என்பதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் லாரன்ஸ் எக்பர்ட், வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பாதியினரிடம் முதல்நாள் மாலையே உட்கார்ந்து, வலி எங்கே வரும், எப்படி இருக்கும், எப்படித் திரும்பிப் படுத்தால் குறையும் என்று விளக்கினார். அவர்களுக்குத் தேவைப்பட்ட வலிமருந்து மற்றவர்களுக்கானதில் ஏறத்தாழ பாதி. சராசரியாக 2.7 நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். யார் எந்தப் பிரிவு என்பது டிஸ்சார்ஜ் எழுதிய சர்ஜன்களுக்குத் தெரியாது. 1964-ல் வெளிவந்த இந்த ஆய்வுக்கு ஆன செலவு, ஒரு டாக்டரின் மாலை நேரம்.

ஜெர்மனியின் மார்பர்கில் 124 பைபாஸ் நோயாளிகளோடு நடந்து 2017-ல் வந்த சோதனை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு குழுவின் மனக்குறையைப் பரிவோடு கேட்டார்கள். மூன்றாவது குழுவோடு பேசியது வேறு: தேறிய பின் என்னவெல்லாம் செய்யப்போகிறீர்கள், அதற்கு எந்த வாரம் எதைத் தொடங்குவீர்கள்? இப்படிப் பேசிய இரு குழுவினரும் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் கிளம்பினார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து அன்றாட வேலைகளில் தெளிவாக முன்னேறியிருந்தது மூன்றாவது குழுதான்.

இங்கே முருகன் நினைவுக்கு வருகிறார். "நல்லபடியா எழுந்துட்டா கிருத்திகைக்கு நடந்தே வரேன்" என்கிற வேண்டுதல், பக்தி என்பதோடு ஒரு தேதி குறித்த திட்டமும்தான். வேண்டுதலை யாரும் இப்படிச் சோதித்ததாக நான் படித்ததில்லை. பிறருடைய பிரார்த்தனையைச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஆறு ஆஸ்பத்திரிகளில் 1,802 பைபாஸ் நோயாளிகளோடு நடந்து 2006-ல் வெளியான ஆய்வு அது. முன்பின் தெரியாதவர்கள் செய்த ஜெபத்தால் பலன் தெரியவில்லை. உனக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. ஜெபம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லப்பட்டவர்களில் சுமார் 52. எதேச்சையாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் தரப்பில் ஊகித்த ஒரு காரணம் சிரிப்பையும் வரவழைக்கிறது: ஜெபக் குழுவையே கூப்பிடுகிற அளவுக்கு நம் நிலைமை மோசமா என்று பயந்திருப்பார்களாம். ஊரே திரண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்று கண்ணீர் விடுவதை இனி கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

லைன் நண்பர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அறுவைக்கு முன் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிவரச் சொல்லும் ஆஸ்பத்திரிகள் அதிகம். வேன் பிடித்து எட்டுப் பேர் கிளம்புவார்கள். வயது பதினெட்டுக்கு மேல், எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5, ஆண் என்றால் முந்தைய தானத்துக்குப் பின் மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொரு விதி, இந்தத் தொழிற்பேட்டைக்கென்றே எழுதியது போல் இருக்கும்: நைட் ஷிஃப்ட் முடித்துச் சரியாகத் தூங்காமல் வருகிறவர் கொடுக்கக் கூடாது. வெறும் வயிற்றோடும் கூடாது. ஆகவே ஷிஃப்ட் முடிந்து நேராக வேன் ஏறுகிற பாசக்காரப் பையன்களை வீட்டுக்கு அனுப்பித் தூங்கவைக்க வேண்டும். சிவப்பணுக்கள் ஐந்து, ஆறு வாரம் குளிரில் தாங்கும். தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். எட்டுப் பேரும் ஒரே நாளில் போவதைவிட, ரத்த வங்கி சொல்லும் நாளில் போவது மேல்.

பணம் பற்றிச் சுருக்கமாக. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் இ.எஸ்.ஐ., அதன் கீழ் நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். அதற்கு மேல் வாங்கும் நிரந்தரத் தொழிலாளிக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸ். வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம். இந்த மூன்றுக்கும் நடுவில் விழுகிறவர்கள், பெரிய கம்பெனிக்கு வெளியே சின்னப் பட்டறையில், பதிவில்லாமல் வேலை பார்ப்பவர்கள். அட்டையை எடுத்து எந்தத் திட்டம் என்று ஹெச்.ஆரிடமோ ஆஸ்பத்திரி காப்பீட்டு மேசையிலோ கேட்பது மூன்று வாரத்தின் முதல் நாள் வேலை, கடைசி நாள் வேலையல்ல.

இத்தனை ஆய்விலும் கண்ணில் படாதவர் ஒருவர் உண்டு. நோயாளியின் மனைவி. அவரைப் போலப் பராமரிப்பவர்களை அளந்த ஆய்வு ஒன்று உண்டு: 1995-ல் அமெரிக்காவின் ஓஹியோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர், மறதி நோயில் விழுந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களின் கையிலும், அப்படிப் பாரம் இல்லாத அதே வயதுடைய 13 பெண்களின் கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னக் காயம் செய்து, ஆற எத்தனை நாள் என்று எண்ணினார்கள். பராமரிப்பவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகம் ஆயிற்று. துணைக்கு நிற்பதன் விலையை லில்லிஹையின் அரங்கில் படுத்த பெற்றோர் ஒரு வழியில் கொடுத்தார்கள். இவர்களின் தோல் இன்னொரு வழியில் கொடுத்தது.

நம் ஆளின் மனைவிக்கும் ஒரு பக்கத்துப் படுக்கை வேண்டும். அது கட்டிலுக்குக் கீழே, தரையில், பாய் விரித்த இடத்தில் இருக்கிறது. நாலு நாள் முன்னால் வந்த இன்னொருத்தி அங்கே உட்கார்ந்திருப்பாள். வெந்நீர் எந்த மாடியில், எந்த கவுன்டரில் சீல் வாங்கினால் இரண்டாவது முறை நிற்க வேண்டியதில்லை, ஐ.சி.யூ. கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், அவருடைய மூக்குக்கண்ணாடியை எந்த நர்ஸிடம் கொடுத்தால் உள்ளே போய்ச் சேரும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். "நீ போய் ரெண்டு இட்லி தின்னுட்டு வாக்கா, பேரு கூப்பிட்டா நான் பாத்துக்குறேன்" என்பாள்.